ஆறு மில்லிமீட்டர் பொறுமை

மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்றால், கோளாறு வானத்தில் இல்லை. உங்கள் மாடியில் இருக்கிறது. டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இதை நிதானமாகச் சொன்னால்தான் மனத்தில் நிற்கும்.

கனமழை கொட்டும்போது டிஷ்ஷில் படம் போவது இயல்பு. டிடிஎச் சேவைகளின் அலைகள் 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் வருபவை. அவற்றின் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான் என்பதால், பெரிய மழைத்துளிகள் அவற்றை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கின்றன. மழை நின்றால் படம் தானே திரும்பிவிடும். அப்படித் திரும்பவில்லை என்றால், பெரும்பாலும் கேபிளின் முனைக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது.

நம் சுரக்குடி திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த வயல் சூழ்ந்த ஊர். இங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனால் காரைக்கால் கடற்கரை சில கிலோமீட்டரில் இருக்கிறது. கொண்டல் வீசும் நாட்களில் கண்ணுக்குத் தெரியாத உப்பு மாடி வரைக்கும் வந்து படிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை அந்த உப்பைக் கரைத்து, எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வெளியூரில் பல வருடம் தாங்கும் கேபிள் முனை இங்கே சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் இதுதான். ஆகவே நம் ஊர்க்காரர்கள் கேபிள் முனை போடும் வேலையைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கடினமான வேலை இல்லை. கருவியும் பொறுமையும் போதும்.

கேபிள் என்பது ஒரு வடிவம்

இந்தக் கடற்கரைக்கும் தொலைக்காட்சிக் கம்பிக்கும் பழைய உறவு உண்டு. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் ஒளிபரப்பு காரைக்கால் வரை எட்டக்கூடியது அல்ல. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், டெல்டா கடற்கரை வீடுகளில் உயரமான குழாய் நட்டு, ஆன்டெனாவைத் தெற்கே திருப்பி, பூஸ்டர் போட்டுப் படம் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் ஆன்டெனாவிலிருந்து இறங்கியது பெரும்பாலும் தட்டையான இரட்டைக் கம்பி வயர். 300 ஓம் வகை. இரண்டு கம்பிகள் இணையாக ஓடும். அலையின் புலம் அவற்றைச் சுற்றித் திறந்த வெளியில் பரவியிருக்கும். வயரின் மேல் உப்புப் பனி படிந்தால் அந்தப் புலமே பாதிக்கப்படும், படத்தில் புள்ளிகள் கொட்டும். சுவரை ஒட்டி ஓட்டினாலும், இரும்புக் குழாயில் சுற்றினாலும் அதே கதை.

கோஆக்ஸியல் கேபிள் இந்தச் சிக்கலை வடிவத்தாலேயே தீர்க்கிறது. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதன் மேல் அலுமினியத் தகடு, தகட்டின் மேல் கம்பிப் பின்னல், எல்லாவற்றுக்கும் வெளியே கறுப்பு உறை. நடுக்கம்பிக்கும் தகட்டுக்கும் இடைப்பட்ட நுரைக்குள்தான் அலை பயணம் செய்கிறது. வெளியே சுவரோ, இரும்போ, மழையோ எது இருந்தாலும் உள்ளே போகும் அலைக்குத் தெரியாது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆலிவர் ஹெவிசைட் 1880-லேயே இப்படி ஒரு கம்பிக்குள் கம்பி அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அகன்ற அலைவரிசையைச் சுமக்கும் இன்றைய வடிவத்துக்கு 1929-ல் அமெரிக்காவில் லாயிட் எஸ்பென்ஷீடும் ஹெர்மன் ஆஃபெலும் காப்புரிமை கோரினார்கள்.

நம் வீடுகளுக்கு ஏற்றது ஆர்.ஜி.6 வகை. அதன் நடுக்கம்பி 1.02 மில்லிமீட்டர், நுரையின் விட்டம் 4.57 மில்லிமீட்டர், உறையோடு சேர்த்து ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். இந்த அளவுகள் ஏதோ வசதிக்காக வைத்தவை அல்ல. பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்: 4.57-ஐ 1.02-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4.5. பத்தை அடிமானமாக வைத்து அதன் மடக்கை 0.65. அதை 138-ஆல் பெருக்கினால் 90. நுரையின் ஒப்புமை விடுதிறன் சுமார் 1.45, அதன் வர்க்கமூலம் 1.2. 90-ஐ 1.2-ஆல் வகுத்தால் 75. கேபிள் உறையில் அச்சிட்டிருக்கும் 75 ஓம் இம்பிடன்ஸ் இப்படித்தான் பிறக்கிறது. விட்டங்களின் விகிதமும் நுரையின் தன்மையும் சேர்ந்ததுதான் அந்த எண். காற்றை இடையில் வைத்த கோஆக்ஸில் இழப்பு மிகக் குறைவது சுமார் 77 ஓமில். அதை ஒட்டியே தொலைக்காட்சித் துறை 75-ஐப் பிடித்துக்கொண்டது.

இந்த விகிதம் ஓரிடத்தில் மாறினால் என்ன ஆகும்? வாய்க்காலில் சீராகப் போகும் அலை, திடீரென்று குறுகும் மதகில் மோதினால் ஒரு பங்கு உள்ளே போகும், மறு பங்கு வந்த வழியே திரும்பும். கேபிளிலும் அப்படியே. நசுங்கிய இடம், கூர்மையாக மடித்த இடம், நுரை சரியாகப் பொருந்தாத முனை, இவை ஒவ்வொன்றிலும் சிக்னலின் ஒரு பங்கு திரும்பிப் போகிறது. நடுவில் எத்தனை மீட்டர் நல்ல கேபிள் இருந்தாலும், முனையில் வடிவம் குலைந்தால் பலன் குறைந்துவிடும். இந்தப் பத்தியில் நான் சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவுதான்: கேபிளின் வடிவத்தைக் கடைசி மில்லிமீட்டர் வரை காப்பாற்றுங்கள்.

முனையில் என்ன இருக்கிறது

டிஷ், செட்டாப் பாக்ஸ், கேபிள் டிவி எல்லாவற்றிலும் திருகி மாட்டுகிறோமே, அது எஃப் கனெக்டர். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெரால்டு எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துக்காக எரிக் வின்ஸ்டன் வடிவமைத்தது. அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு: தனியாக ஊசி கிடையாது. கேபிளின் நடுக்கம்பியே ஊசியாக நீண்டு போய் எதிர்ப்பக்கத் துளையில் நுழைகிறது. அதனால்தான் விலை மலிவு. அதனாலேயே, நடுக்கம்பியை நாம் எப்படி உரிக்கிறோம், எவ்வளவு நீட்டுகிறோம் என்பது கனெக்டரின் தரத்தை நிர்ணயிக்கிறது. பாதிக் கனெக்டரைச் செய்வது நாம்தான்.

கடைகளில் மூன்று விதம் கிடைக்கும். முதலாவது, கையால் திருகி ஏற்றுவது. கருவி வேண்டாம், சட்டென்று முடியும். ஆனால் பின்னலை மரை மட்டும் பிடித்திருக்கும், இழுத்தால் வரும், தண்ணீரைத் தடுக்க எதுவும் இல்லை. இரண்டாவது, கிரிம்ப் வகை. பக்கவாட்டில் ஆறு முகமாக நசுக்கிப் பிடிக்கும். வட்டமான கேபிளை அறுகோணமாக்குவதால் மூலைகளில் இடுக்கு விழும். மூன்றாவதுதான் கம்ப்ரஷன். இதில் கருவி பக்கவாட்டில் நசுக்காமல் நீளவாக்கில் தள்ளுகிறது. கனெக்டரின் பின்பகுதி வளையம் உள்ளே ஏறி, கேபிளைச் சுற்றிலும் ஒரே சீராக இறுக்குகிறது. வட்டம் வட்டமாகவே இருக்கிறது. சுற்றிலும் இடுக்கில்லாமல் அடைபடுவதால் தண்ணீரும் ஏறுவதில்லை. உப்புக்காற்று அடிக்கும் ஊருக்கு இதுவே சரி.

"அண்ணே, டேப் சுத்திட்டா போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை இளகி ஓரம் பிரியும். பிரிந்த ஓரத்தில் நுழைந்த தண்ணீர் வெளியே வரவும் முடியாமல் உள்ளேயே தங்கும். அங்கே இன்னொரு கேடும் காத்திருக்கிறது. டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்.என்.பி.க்கு மின்சாரம் போவதும் இதே கேபிளில்தான். செட்டாப் பாக்ஸ் நடுக்கம்பி வழியாக 13 அல்லது 18 வோல்ட் நேர்மின்சாரம் அனுப்புகிறது. 13 என்றால் செங்குத்து அலைகள், 18 என்றால் கிடைமட்ட அலைகள். உப்புத் தண்ணீரும் நேர்மின்சாரமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் செம்பு வேகமாகக் கரையும். பச்சைக் களிம்பு பூக்கும். களிம்பு ஏற ஏற மின்தடை கூடி, 18 வோல்ட் மேலே போய்ச் சேரும்போது குறைந்துவிடும். 15-க்குப் பக்கத்தில் இறங்கினால் எல்.என்.பி. அதைச் செங்குத்துக்கான கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். சில சேனல்கள் நன்றாக வந்து, சில சேனல்கள் மட்டும் அடியோடு வராமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெட்டியையோ எல்.என்.பி.யையோ மாற்றுவதற்கு முன் முனையைக் கழற்றிப் பாருங்கள்.

நீளம் உங்கள் வீட்டு அளவில்

ரெடிமேட் கேபிள் கடைக்காரர் வைத்திருக்கும் நீளத்தில்தான் கிடைக்கும். வீட்டுக்கு 12 மீட்டர் போதும் என்றால் 20 மீட்டர் வாங்கி, மீதியைச் சுருட்டி டிவிக்குப் பின்னால் தொங்கவிட நேரும். எல்.என்.பி. கீழே அனுப்புவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையான சிக்னல். ஆர்.ஜி.6-ல் இந்த வரிசையின் மேல் ஓரத்தில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 32 டெசிபல் இழப்பு. அதாவது வீணாகச் சுருட்டிய 10 மீட்டர், சிக்னலின் சக்தியில் பாதியைத் தின்றுவிடும். இரண்டு துண்டுகளை இணைத்து ஓட்டினாலோ, இணைப்பு ஒவ்வொன்றும் தண்ணீர் புகக்கூடிய இன்னொரு வாசல். ஒரே துண்டு, தேவையான நீளம், இரண்டு முனை: இதுவே நல்ல ஏற்பாடு.

நீளத்தை மனக்கணக்கில் போடாதீர்கள். ஒரு சணல் கயிற்றை டிஷ்ஷிலிருந்து டிவி வரை, கேபிள் போகப்போகும் அதே வழியில் பிடித்துப் பாருங்கள். மூலைகளில் 7, 8 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் வளையவிட்டு அளக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் ஒவ்வொரு முழம் கூட்டிக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் முனை கெட்டால் வெட்டிவிட்டுப் புதிதாகப் போட அந்த முழம் உதவும்.

கேபிள் வாங்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். வெளியில் ஓடுவதற்கு வெயில் தாங்கும் கறுப்பு பாலிஎத்திலீன் உறை வேண்டும். நடுக்கம்பி முழுச் செம்பா, செம்பு பூசிய எஃகா என்று கேளுங்கள். கிகாஹெர்ட்ஸ் அலைகள் கம்பியின் மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்துக்குள்ளேயே ஓடிவிடுவதால், சிக்னலுக்குப் பூச்சே போதும். ஆனால் எல்.என்.பி.க்குப் போகும் மின்சாரம் கம்பி முழுவதையும் பயன்படுத்துகிறது. நீளமான ஓட்டத்துக்கு முழுச் செம்பு நல்லது. குறுகிய ஓட்டத்துக்கு எஃகு போதும், ஊசி வளையாமலும் நிற்கும். கனெக்டரும் அதே கேபிளுக்கு உரியதாக இருக்க வேண்டும். ஆர்.ஜி.59 மெலிந்தது, அதன் கனெக்டர் ஆர்.ஜி.6-ல் ஏறாது, ஆர்.ஜி.6 கனெக்டர் அதைப் பிடிக்காது.

கருவிகள் நான்கு: கேபிளை நசுக்காமல் வெட்டும் கட்டர், இரண்டு பிளேடு வைத்த கோஆக்ஸ் ஸ்ட்ரிப்பர், கம்ப்ரஷன் டூல், மல்டிமீட்டர். ஒரு வீட்டுக்கு இத்தனையும் தனியாக வேண்டியதில்லை. தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு செட் வாங்கினால் போதும்.

கையில் எடுத்தால்

முதலில் நேராக வெட்டுங்கள். சாய்ந்த வெட்டு மேலே போகும் எல்லா அளவுகளையும் கெடுக்கும். வெட்டிய முனை நசுங்கியிருந்தால் விரலால் உருட்டி வட்டமாக்குங்கள்.

அடுத்து ஸ்ட்ரிப்பரை மாட்டி நாலைந்து சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். அதன் ஒரு பிளேடு நடுக்கம்பி வரை இறங்கும், மற்றொன்று உறையை மட்டும் வெட்டும். இழுத்து எடுத்தால் முனையில் 6 மில்லிமீட்டர் சொச்சம் நடுக்கம்பி வெறுமையாகவும், அதற்குப் பின்னால் அதே 6 மில்லிமீட்டருக்கு வெள்ளை நுரையின் மேல் தகடும் பின்னலும் தெரிய வேண்டும். வேலையின் முக்கால் பங்கு இந்த இரண்டு ஆறு மில்லிமீட்டர்களில் இருக்கிறது. அளவு பிசகினால் கனெக்டரைப் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். ஓர் அங்குலம் கேபிள்தான் செலவு.

நடுக்கம்பியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். செம்பு பூசிய எஃகில் பூச்சு கீறினால் அந்த இடத்தில் துரு தொடங்கும். கம்பியில் வெள்ளைப் படலம் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டி எடுங்கள். கத்தி வேண்டாம்.

இப்போது பின்னலை உறையின் மேல் பின்னோக்கிச் சீராக மடித்துவிடுங்கள். நுரையோடு ஒட்டியிருக்கும் உள்தகட்டைத் தொடாதீர்கள். பின்னலுக்கு வெளியே இன்னொரு தகடு இருக்கும் வகை என்றால் அதை மட்டும் நீக்குங்கள். பின்னலின் ஒரே ஒரு இழை நீண்டுபோய் நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும். ஆகவே முனையைச் சுற்றிலும் பார்த்து இழைகளைத் தடவி விடுங்கள்.

கனெக்டருக்குள் ஒரு மெல்லிய குழல் இருக்கும். அது தகட்டுக்கும் பின்னலுக்கும் நடுவே நுழைய வேண்டும். லேசாகத் திருகியபடி பலமாகத் தள்ளுங்கள். முதல் தடவை கைக்குக் கடினமாகவே இருக்கும். எப்போது நிறுத்துவது? கனெக்டரின் வாயை எட்டிப் பாருங்கள். வெள்ளை நுரை உள்தளத்தோடு ஒரே மட்டத்தில் வந்து நிற்க வேண்டும். பள்ளமாக இருந்தால் இன்னும் தள்ள வேண்டும். அங்கே விழும் காலி இடம்தான் முன்பு சொன்ன மதகு. நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீண்டிருந்தால் சரி. கூடுதலாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாம். குறைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதைக் கம்ப்ரஷன் டூலில் நேராக வைத்துக் கைப்பிடியை முழுதாக அழுத்துங்கள். வளையம் உள்ளே ஏறி கனெக்டர் கொஞ்சம் குட்டையாகிவிடும். வெளியே எடுத்து, கனெக்டரைப் பிடித்து அழுத்தமாக இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது. முன்னால் இருக்கும் நட்டு மட்டும் தாராளமாகச் சுற்ற வேண்டும்.

இரண்டு முனையும் போட்ட பிறகு, எங்கும் மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரில் சோதியுங்கள். ஒரு முனையில் நடுக்கம்பிக்கும் உலோக உடலுக்கும் இடையே வைத்தால் எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினால் ஏதோ ஓர் இழை உள்ளே தொட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு மறு முனையில் நடுக்கம்பியையும் உடலையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டு இந்த முனையில் பாருங்கள். இப்போது தொடர்பு காட்ட வேண்டும். இரண்டும் சரியென்றால் கேபிள் தயார். இணைத்த கம்பியை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

மாடியில்

செட்டாப் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேலே ஏறுங்கள். 18 வோல்ட் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் மாட்டும்போது ஷார்ட் ஆனால் பெட்டி கெடும். பழைய கேபிள் டிவி வயரைத் தொடுவதாக இருந்தால் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள். வேறு வீட்டுக் கசிவு மின்சாரம் பின்னல் வழியாக வரக்கூடும். இடி கேட்கும் நாளில் மாடிப்பக்கமே போக வேண்டாம். டிஷ் நிற்கும் இரும்புக்கு எர்த் இணைப்பு இருப்பது நல்லது.

எல்.என்.பி.யில் கையால் திருகி இறுக்கிய பிறகு 11 மில்லிமீட்டர் ஸ்பேனரால் இன்னும் ஒரு சிறு திருப்பு. அதற்கு மேல் வேண்டாம். டிவி, பெட்டி பக்கம் கையால் இறுக்கினாலே போதும்; ஸ்பேனர் போட்டால் உள்ளே இருக்கும் போர்டு விரிசல் விடலாம். வெளி முனைக்கு ரப்பர் மூடி இருந்தால் கனெக்டர் போடுவதற்கு முன்பே அதைக் கேபிளில் கோத்திருக்க வேண்டும். தனக்குத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் கிடைத்தால், கீழிருந்து மேலாக, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி சுற்றுங்கள். அப்போதுதான் வழியும் தண்ணீர் மடிப்புக்குள் நுழையாது.

கேபிள் முனையை நெருங்குவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். உறை வழியாக ஓடிவரும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டரையோ சுவர்த் துளையையோ எட்டாது. சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் தாழ்வாக இருக்கும்படி சாய்த்துப் போடுங்கள். கிளிப் அடிக்கும்போது கேபிள் நசுங்கக் கூடாது. விரலால் தள்ளினால் கிளிப்புக்குள் நகர வேண்டும்.

இதே கைப்பழக்கம் சிசிடிவிக்கும் உதவும். அங்கே எஃப் கனெக்டருக்குப் பதில் பி.என்.சி. வரும், அதிலும் கம்ப்ரஷன் வகை உண்டு. உரிக்கும் அளவு அந்தக் கனெக்டருக்கு ஏற்ப மாறும். வெட்டுவதும் மடிப்பதும் சோதிப்பதும் இதே முறைதான்.

போட்டுவிட்டோம் என்று வருடக்கணக்கில் மறந்துவிடாதீர்கள். புரட்டாசி முடிவதற்குள் ஒரு தடவை மாடிக்குப் போய் டிஷ் முனையைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி பளபளவென்று இருந்தால் மறுபடி திருகிவிடலாம். பச்சை படர்ந்திருந்தால் துடைத்து மாட்டுவதில் பயனில்லை. பின்னலும் நிறம் மாறியிருக்கும். தண்ணீர் அதன் இழைகளுக்குள் உறிஞ்சப்பட்டு உறைக்குள்ளேயே கொஞ்ச தூரம் போயிருக்கும். பின்னல் பளிச்சென்று தெரியும் இடம் வரை வெட்டிக்கொண்டே வாருங்கள். கூட விட்டு வைத்த ஒரு முழம் அதற்குத்தான். அங்கே புதிய முனை போடுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். அடுத்த வருடம் அவர்களே போட்டுவிடுவார்கள்.